பெர்லில் இருக்கும் டெஸ்டுக்குள் பைத்தானை விடலாமா?

பாலக்கோட்டான்

வணக்கம். நம் பழைய எழுத்துரு மாற்றி விஷயமாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, தனியாக எடுக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் இங்கே போடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: பாமினி, டிஸ்கி மாதிரியான பழைய முறைகளில் தட்டிய ஃபைல்களை யுனிகோடாக மாற்றும் சின்ன சி மொழி லைப்ரரி இது, கூடவே ஒரு கமாண்ட் லைன் கருவியும் உண்டு. தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் டிடிபி கடைகளில் கிடைத்த கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கக் கணக்கு என்று எதையெல்லாமோ போட்டுப் பார்த்துத்தான் இது வளர்ந்தது. மாற்றம் சரியாக வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் முழுக்க பெர்ல் மொழியில் இருக்கிறது. ஆரம்பித்த ஓசூர் அண்ணா அப்படி எழுதினார், பின்னால் வந்தவர்கள் அதையே காப்பி பண்ணி வரியை மாற்றிப் போட்டுக்கொண்டு போனோம்.

இப்போது கல்லூரி மாணவர்கள் சிலர் தங்கள் கோடைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள். வேலை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. 'கொ' என்ற எழுத்து பாமினி ஃபைலிலிருந்து போனால் இரண்டு கோட்பாயின்டாக (யுனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) வருகிறது, டிஸ்கியிலிருந்து போனால் க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாக வருகிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், யுடிஎஃப்-8இல் ஒன்று 6 பைட், இன்னொன்று 9 பைட். தேடினால் ஒன்று சிக்கும், மற்றது சிக்காது. நம் டெஸ்ட் இதை இத்தனை நாள் பிடிக்கவே இல்லை, ஏனென்றால் ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் நார்மலைஸ் செய்து ஒரே வடிவமாக்கிவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் எழுதிய டெஸ்ட் எல்லாம் பைத்தானில், பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியை வைத்து. சேர்த்துக்கொண்டால் டெஸ்டுக்குள் இரண்டாவது மொழி வந்துவிடும், அப்புறம் அதைத் திருப்பி அனுப்புவது நடக்காத காரியம். வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைகள் போய்விடுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். பெர்லில் மாற்றி எழுதிக் கொடுங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் இலவசமாக வேலை செய்ய வந்தவர்களிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

என்ன செய்யலாம்? பெர்ல் செத்துப்போச்சு, பைத்தான் மெதுவாக ஓடும் என்கிற சண்டையை மட்டும் தயவுசெய்து வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் ஏழு மணி பஸ்

நான்தான் அந்தப் பெர்ல் ஆள். பெங்களூரு போகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனில் தட்டுகிறேன், அத்திப்பள்ளி தாண்டினால் சிக்னல் எப்படி இருக்குமோ, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

பெர்லை ஆசைக்காக எடுக்கவில்லை. தமிழ் எழுத்தை வைத்து டெஸ்ட் எழுத என்னவெல்லாம் வேண்டுமோ அது பெர்லோடு கூடவே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். யுனிகோட் நார்மலைசேஷன் மாட்யூல் கோரில் இருக்கிறது, டெஸ்ட் மோர் கோரில் இருக்கிறது, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடு போட்டு பெரிய எக்ஸ் போட்டால் திரையில் ஒரே எழுத்தாகத் தெரியும் ஒரு முழு எழுத்துக்கூட்டத்தையே பிடித்துக் கொடுக்கும். பைத்தானில் நார்மலைசேஷன் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எழுத்துக்கூட்டத்தைப் பிடிப்பது அதன் சொந்த ஆர்ஈ மாட்யூலில் கிடையாது, வெளியிலிருந்து வேறொன்றை நிறுவ வேண்டும். பைடெஸ்டும் வெளிச் சரக்குதான்.

அப்புறம் நிலைத்து நிற்பது. பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் மாட்யூலில் அசர்ட்ஈக்வல்ஸ் என்று 'எஸ்' சேர்த்து எழுதும் பழைய பெயர் இருந்ததே, பைத்தான் 3.12இல் அதைத் தூக்கிவிட்டார்கள். அதே பதிப்பில் பேக்கேஜ் கட்டும் டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூலும் போனது. 3.13இல் பழைய மாட்யூல்கள் 19 ஒரே வெட்டாகப் போயின. முன்கூட்டியே எச்சரித்துத்தான் செய்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நம்மை மாதிரி யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடக்கும் திட்டத்தில் எச்சரிக்கையை யார் படிக்கப் போகிறார்கள்? நான் எழுதிய பெர்ல் டெஸ்ட் ஒரு வரி மாறாமல் இன்றும் ஓடுகிறது.

நார்மலைஸ் செய்துவிட்டு ஒப்பிடுவது பற்றி: அது தெரியாமல் செய்ததல்ல. அப்போது என்ன வெளியீடு வரணும் என்று சொல்லும் எதிர்பார்ப்பு ஃபைலை ஆளுக்கொரு கீபோர்டில் தட்டி அனுப்பினார்கள், ஒருத்தர் தட்டினால் 'கொ' இரண்டாக வரும், இன்னொருத்தர் தட்டினால் மூன்றாக வரும். அதில் மாட்டிக்கொள்ளாமல் மெய்க்கு முன் தட்டிய கொம்பு பின்னால் இடம் மாறுகிறதா என்பதை மட்டும் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. இப்போது வெளியீட்டின் வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்றால் ஒரு ஃபிளாக் போதும், அதற்கு ஒரு மொழியே வேண்டாம்.

இன்னொன்று. ஒரு டெஸ்ட் விழுந்தால் எந்த எழுத்தில் எந்தக் கோட்பாயின்ட் மாறிப்போனது என்று பெயரோடு காட்டும் ஹெல்பர் ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதுதான் அந்த டைரக்டரியிலேயே விலை மதிப்புள்ள சாமான். பைத்தான் வந்தால் அதையும் பைத்தானில் எழுதணும். பிறகு ஒன்றில் திருத்துவோம், மற்றதை மறந்துவிடுவோம். அந்த மாணவர்கள் படிப்பை முடித்து வேலைக்குப் போனபின் அந்தப் பாதியை யார் பார்ப்பது?

பர்கூர் வாத்தியார்

ஓசூர் சாருக்கு வணக்கம், உங்கள் கோடைப் படித்துத்தான் எழுத்துரு மாற்றம் என்றால் என்னவென்று நானே கற்றேன். ஆனால் கடைசிக் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்ல் பாதியை உங்களுக்குப் பின் யார் பார்ப்பது?

எங்கள் பக்கம் நிலைமை இதுதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. இன்ஜினியரிங் வந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனிலிருந்து முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பிரிவுக்கும் பைத்தான் பாடம், 2021 ரெகுலேஷனிலும் அப்படியே. ஊத்தங்கரையிலிருந்து வரும் சிவில் மாணவனுக்குக்கூட ஒரு ஃபார் லூப் பைத்தானில் எழுத வரும். பெர்ல் என்று போர்டில் எழுதினால் அது என்ன சார் என்று கேட்பார்கள். இவர்களில் ஒருவர் நம் டெஸ்டைத் திறந்து டாலர், அட், பர்சென்ட் குறிகளைப் பார்த்துவிட்டு மூடினால் அது அவர் சோம்பல் இல்லை.

பெரிய திட்டங்களிலும் இதே பேச்சுதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 2014இல் வந்த 9.4 பதிப்போடு பெர்ல் டெஸ்ட்கள் உள்ளே வந்தன, இன்று எத்தனையோ விஷயம் அதன் மேல் நிற்கிறது. 2024இல் பைடெஸ்டையும் கூடவே வைத்துக்கொள்ளலாமா என்று அங்கே ஒரு யோசனை கிளம்பியது. அவர்களுக்கு இருக்கும் கஷ்டம் நமக்கு இல்லை: அங்கே ஒவ்வொரு பெரிய பதிப்பையும் 5 ஆண்டு திருத்திக்கொடுக்க வேண்டும், பிழைத்திருத்தம் பழைய கிளைகளுக்கும் போகும், அதோடு டெஸ்டும் போக வேண்டும். புது மொழியை இன்று மேல்கிளையில் மட்டும் வைத்தால் பழைய கிளைக்கு அந்த டெஸ்டைக் கொண்டுபோக முடியாது. நமக்கு ஒரே கிளை. இவ்வளவு சுலபமாக மாறக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் பயப்படணும்?

கோட் மாற்றங்களைச் சேமிக்கும் 'கிட்' கருவியையும் சொல்லலாம். அங்கே டெஸ்ட் ஷெல்லில்தான், ஆனால் நடுவில் பெர்ல் துண்டு துண்டாக ஒட்டியிருந்தது. 2025இல் உட்கார்ந்து அதைப் பெரும்பாலும் ஒழித்து, பெர்ல் இல்லாத மெஷினிலும் டெஸ்ட் ஓடும்படி செய்தார்கள்.

மாங்கூழ்

கிட் உதாரணம் ஓசூர் அண்ணாவின் பக்கம்தான் சாய்கிறது வாத்தியார் சார், நீங்கள் கவனிக்கவில்லை போல. அங்கே அவர்கள் செய்தது ஒரு மொழியைக் குறைத்தது, கூட்டியதல்ல :)

நான் இதை டெபியன் லினக்ஸுக்குப் பேக்கேஜாகக் கட்டுகிற ஆள், காவேரிப்பட்டினம். கட்டுகிறவள் பார்வையில் கொஞ்சம் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

முதலில், பெர்ல் டெபியனில் பேக்கேஜ் கட்டும் இடத்தில் எப்போதும் இருக்கும், கட்டும் கருவிகளே அதை இழுத்துக்கொண்டு வரும். பைத்தான் அப்படி இல்லை, பைடெஸ்டைச் சார்புப் பட்டியலில் எழுத வேண்டும், எழுதுவது ஒரு வரி வேலைதான், 'நோசெக்' போட்டு டெஸ்ட் வேண்டாதவர்களுக்கு விலக்கும் கொடுத்துவிடலாம். ஆகவே பைத்தான் வந்தால் எனக்கு ஒன்றும் மூழ்கிப்போகாது. ஆனால் அந்தப் புல் ரிக்வெஸ்டில் டெஸ்ட் ஓடும் முன் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) போட்டு எதையோ இறக்குகிறார்களே, அது நடக்காது. கட்டும் இடத்தில் இன்டர்நெட் கிடையாது. ஆளுடைய சொந்த லேப்டாப்பிலும், டெபியன் 12இலிருந்து சிஸ்டம் பைத்தானில் நேராகப் பிப் போட்டால் இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும், வென்வ் என்ற தனிப் பைத்தான் சூழல் உண்டாக்க வேண்டும். முதல் பேட்ச் அனுப்ப வந்தவருக்கு அதுவே ஒரு மதியத்தைத் தின்றுவிடும்.

பைத்தான்தான் வேண்டும் என்றால் வெறும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியோடு நிறுத்தலாம். பிட்காயின் கோரின் ஃபங்ஷனல் டெஸ்ட் எல்லாம் பைத்தான்தான், பைடெஸ்ட் இல்லை, அவர்களே ஒரு சட்டகம் எழுதி வைத்திருக்கிறார்கள். கூடவே சி++ யூனிட் டெஸ்ட் தனியாக. இரண்டு மொழி டெஸ்ட் என்பது ஊரில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை. இணையத்திலிருந்து தரவு இறக்கும் கருவியான கர்லும் அப்படித்தான், பழைய ரன்னர் பெர்ல், எச்டிடிபி 2, 3க்காகப் பின்னால் வந்தவை பைடெஸ்டில்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நேற்று ராத்திரி நம் பெர்ல் டெஸ்டையும் மாணவர்கள் எழுதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டிலும் பெரும்பகுதி ஒன்றே: இந்த உள்ளீடு போனால் இந்த வெளியீடு வரணும். அவ்வளவுதான். பாமினியில் என், எஃப், எச் என்று தட்டினால் 'கொ' வரணும், இதை பெர்ல் ஒரு அர்ரேயில் எழுதியிருக்கிறது, பைத்தான் ஒரு பாராமீட்டரைஸ் பட்டியலில் எழுதியிருக்கிறது. அட்டவணையைப் போய் ஒரு மொழிக்குள் பூட்டி வைத்துவிட்டு எந்த மொழி என்று சண்டை போடுகிறோம். வெளியே எடுங்கள். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு டெஸ்ட், அதைப் படித்து ஓட்ட ஒரு சின்ன ரன்னர். யுனிகோட் கன்சார்ஷியம் நார்மலைசேஷனுக்கும் எழுத்துக்கூட்டம் பிரிப்பதற்கும் இப்படித்தான் டெஸ்ட் ஃபைல் வெளியிடுகிறது, ஜாவாக்காரரும் ரஸ்ட்காரரும் அதே ஃபைலைப் படிக்கிறார்கள். கர்லில் பெர்ல் தெரியாதவர்கள் டெஸ்ட் அனுப்ப முடிவதும் ஒவ்வொரு டெஸ்டும் ஒரு டேட்டா ஃபைலாக இருப்பதால்தான்.

நமக்கு இது எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு உதாரணம். பாமினியில் 'கௌ' என்பதன் கடைசித் துண்டும் 'ள' எழுத்தும் ஒரே கீ. அதனால் கொம்பு, மெய், ள என்று வந்தால் அது ஔகாரமா, எகரத்துக்குப் பின் ளகரமா என்று நாமேதான் முடிவு செய்கிறோம். இப்போது நம் கோட் என்ன செய்கிறது? ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரம், ஒன்றும் இல்லாவிட்டால் ஔகாரம். வெளி, தெளிவு, வெள்ளம் சரியாக வரும். கௌரி, வௌவால் சரியாக வரும். 'நெல்லு நல்லா வெளஞ்சது' என்று பேச்சு வழக்கில் தட்டிய கதை வந்தால் 'வௌஞ்சது' என்று மாற்றிக் கொடுக்கும். பென்னாகரம் பக்கத்து வட்டார வழக்குக் கதைகளைத் தட்டி வைத்திருக்கும் ஒருவர்தான் எனக்கு இதைச் சொன்னார். அவர் ரிட்டையர்டு தமிழாசிரியர், பெர்லும் தெரியாது பைத்தானும் தெரியாது. அவரிடம் இந்த மாதிரிச் சொற்கள் நோட்டுப் புத்தகம் நிறைய இருக்கின்றன. நல்ல டெஸ்ட் அவரிடம்தான் இருக்கிறது, நம் ஏழெட்டுப் பேரிடம் இல்லை. அவர் டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி சேர்த்து அனுப்பும்படி இருக்கணும்.

அரூர்_மூன்றாமாண்டு

அந்தப் புல் ரிக்வெஸ்ட் நாங்கள் அனுப்பியதுதான். எல்லோரும் எங்களை 'அந்தப் பிள்ளைகள்' என்றே பேசுகிறீர்கள், நாங்களும் இங்கேதான் இருக்கிறோம் :)

அக்கா சொன்ன அட்டவணை யோசனை எங்களுக்குச் சம்மதம், பாதிக்கு மேல் அப்படியே டெக்ஸ்ட் ஃபைலுக்குப் போய்விடும். பிப் வேலையையும் எடுத்துவிடலாம், பாராமீட்டரைஸ் சுலபமாக இருந்தது என்றுதான் பைடெஸ்ட் எடுத்தோம், யூனிட்டெஸ்டில் சப்டெஸ்ட் வைத்து எழுதினாலும் அதே வேலை நடக்கும்.

ஆனால் பைத்தானை எடுத்ததற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. இப்போதிருக்கும் பெர்ல் டெஸ்ட் எல்லாம் கமாண்ட் லைன் கருவியை ஓட்டி அதன் வெளியீட்டைத்தான் பார்க்கிறது. லைப்ரரியின் ஃபங்ஷனை நேராகக் கூப்பிடும் டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. வெளியீட்டை எழுத ஒதுக்கும் இடமான பஃபர் சின்னதாக இருந்தால் என்ன ஆகும், பாதி எழுத்தில் உள்ளீடு முடிந்தால் என்ன ஆகும், நீளம் பூஜ்யம் என்று கொடுத்தால் என்ன ஆகும், இதெல்லாம் கருவி வழியாகத் தெரியவே தெரியாது, ஏனென்றால் கருவி எப்போதும் தாராளமாக பஃபர் ஒதுக்கிவிட்டுத்தான் கூப்பிடுகிறது. பைத்தானில் சிடைப்ஸ் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே இருக்கிறது, ஷேர்டு லைப்ரரியை ஏற்றிவிட்டு ஃபங்ஷனை அப்படியே கூப்பிடலாம். பெர்லில் அதற்கு எக்ஸ்எஸ் என்ற சி இணைப்புக் கோட் எழுதணும் அல்லது பெர்ல் மாட்யூல் கிடங்கான சிபானிலிருந்து, வேறு மொழி ஃபங்ஷனைக் கூப்பிட உதவும் எஃப்எஃப்ஐ மாட்யூல் ஒன்றை இறக்கணும். அப்போது வெளிச் சரக்கு யார் பக்கம் அண்ணா?

எங்கள் டெஸ்டில் கடைசி நாலு இந்த வகை. அதில் ஒன்று இப்போதும் விழுகிறது: 'கொ' எழுதும்போது பஃபரில் இடம் பத்தாவிட்டால் கொம்பை மட்டும் எழுதிவிட்டு வெற்றி என்று திரும்புகிறது. புல் ரிக்வெஸ்ட் விவரத்தில் எழுதியிருந்தோம், யாரும் அவ்வளவு தூரம் கீழே படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஓசூர் ஏழு மணி பஸ்

படிக்கவில்லைதான், மொழியைப் பார்த்ததும் சண்டைக்கு வந்துவிட்டோம். அந்தப் பஃபர் விஷயம் இந்த மொத்தப் பேச்சையும்விடப் பெரியது, அதை இன்றைக்கே தனி இஷ்யூவாகத் திறங்கள். அடுத்த ரிலீஸை அதற்காகவே நிறுத்தலாம்.

லைப்ரரி ஃபங்ஷனை நேராகக் கூப்பிடணும் என்பது சரி. ஆனால் சி ஃபங்ஷனைக் கூப்பிட சி இருக்கும்போது நடுவில் பைத்தான் எதற்கு? ஒரு சி ஃபைல், அதில் மெயின், சரியாக இருந்தால் 'ஓகே 1', தப்பானால் 'நாட் ஓகே 1' என்று டெஸ்டுக்கு ஒரு வரி, மொத்தம் எத்தனை டெஸ்ட் என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். டாப் என்கிற அந்த வடிவம் 1987இல் வந்த முதல் பெர்லோடு பிறந்ததுதான், ஆனால் அதை எந்த மொழியும் அச்சிடலாம், டெஸ்டை ஓட்டும் நம் ப்ரூவ் கருவி அதையும் எடுத்து எண்ணிக் கொடுத்துவிடும். புது மொழி, புது ரன்னர் எதுவும் வேண்டாம்.

சும்மா வாதத்துக்குச் சொல்லவில்லை. பஃபர் டெஸ்ட் என்றாலே, மெமரி எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டுத்தான் ஓட்டணும், இல்லாவிட்டால் ஒரு பைட் எல்லை தாண்டி எழுதியிருந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே காட்டும். சி டெஸ்டில் அது ஒரு கம்பைலர் ஃபிளாக். சிடைப்ஸ் வழியாகச் செய்தால் பைத்தான் இன்டர்பிரட்டர் சானிடைசரோடு கட்டப்பட்டது இல்லை, அதனால் அதன் ரன்டைமை ப்ரீலோட் பண்ணி ஏற்றணும், அப்போது பைத்தானே தன் பங்குக்கு மெமரி லீக் என்று பக்கம் பக்கமாகக் காட்டும், அதை வேறு அடக்கணும். சிடைப்ஸில் ஆர்க்யுமென்ட் வகையைத் தப்பாக அறிவித்தாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஓடும்போதுதான் விழும், நம் ஹெடரை மாற்றினால் பைத்தான் பக்கத்துக்குத் தெரியவே தெரியாது.

மாங்கூழ் சொன்ன டெக்ஸ்ட் ஃபைல் விஷயத்தில் எனக்கு ஒரு பயம் மட்டும் உண்டு. முதலில் இரண்டு பத்தி, அதாவது நெடுவரிசை, இருக்கும். பிறகு ஒருத்தர் 'இந்த வரி விண்டோஸில் வேண்டாம்' என்று ஒரு குறி கேட்பார், அப்புறம் 'இது விழுந்தாலும் பரவாயில்லை' என்று ஒரு குறி, அப்புறம் வேரியபிள், இஃப். கடைசியில் நாமே மூன்றாவதாக ஒரு மொழியை உண்டாக்கியிருப்போம், அதற்கு மேனுவலும் இருக்காது. பத்தி எத்தனை என்று இப்போதே முடிவு செய்து பூட்டிவிட்டால் எனக்குச் சம்மதம்.

பர்கூர் வாத்தியார்

சி டெஸ்ட் என்பது காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் சார், சியில் ஒரு டெஸ்ட் எழுத 15 வரி ஆகும், பைத்தானில் 3 வரி. நீளம் அதிகமானால் எழுதுகிறவர்கள் குறைவார்கள்.

அரூர்_மூன்றாமாண்டு

சார், லைப்ரரியே சிதானே. அதைத் திருத்த வருகிறவருக்குச் சி தெரிந்துதான் இருக்கும், அந்த நாலு டெஸ்டையும் நானே சியில் எழுதிவிடுகிறேன். சானிடைசர் ப்ரீலோட் பற்றி அண்ணா சொன்னதை இப்போதுதான் என் மெஷினில் போட்டுப் பார்த்தேன், பைத்தான் தன் லீக் லிஸ்டைக் கொட்டி ஸ்கிரீன் நிறைந்துவிட்டது, நம்முடையது எங்கே என்று தேடணும்.

ஆனால் ரன்னர் பற்றி ஒரு கேள்வி. அட்டவணையைப் படித்து ஓட்டும் அந்தச் சின்ன ரன்னர் எந்த மொழி? பெர்ல் என்றால் அதில் ஏதாவது உடைந்தால் எங்களில் யாராலும் தொட முடியாது, திரும்பவும் ஓசூர் அண்ணா பஸ்ஸில் ஏறும் வரை காத்திருக்கணும்.

மாங்கூழ்

எனக்குத் தோன்றுவது: ரன்னர் பைத்தானில், ஸ்டாண்டர்ட் லைப்ரரி மட்டும், டாப் வரியை அச்சிடும்படி. அதை ப்ரூவ் கூப்பிடட்டும், எக்ஸெக் ஆப்ஷன் கொடுத்தால் பைத்தான் ஸ்கிரிப்டையும் அது ஓட்டும். டெஸ்டை ஓட்ட மேக் செக் என்று தட்டுகிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. அண்ணாவின் கோட்பாயின்ட் காட்டும் ஹெல்பரை ரன்னருக்குள் ஒரு முறை மாற்றி எழுதிவிட்டால் அது ஒரே இடத்தில்தான் இருக்கும், இரண்டாகப் பிரியாது, எழுத்தின் பெயரைக் கொடுக்கும் ஃபங்ஷன் பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலிலேயே இருக்கிறது. பழைய பெர்ல் ஃபைலில் அட்டவணையாக இல்லாதவை, ஃபைல் பெயரில் தமிழ் இருந்தால் என்ன ஆகும், எக்ஸிட் கோட் சரியா என்பது மாதிரியானவை, அங்கேயே இருக்கட்டும். அவற்றை யாரும் மாற்றி எழுத வேண்டாம், புதிதாக அதில் சேர்க்கவும் வேண்டாம்.

பாலக்கோட்டான்

சரி, இதுவே போகட்டும். மாம்பழ சீசன் முடியும் வரை எனக்கு ராத்திரி மட்டும்தான் நேரம், கூழ் ஃபேக்டரிக் கணக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அதனால் ஒரேயடியாகச் செய்ய முடியாது.

பஃபர் பிழைக்கு இஷ்யூ திறந்துவிட்டேன், அதற்கான சி டெஸ்டும் திருத்தமும் முதலில் உள்ளே வரும். பிறகு அட்டவணையும் பைத்தான் ரன்னரும் ஒரே புல் ரிக்வெஸ்டாக வரட்டும், அரூர் தங்கை அட்டவணைக்குச் சம்மதம் சொன்னதால் அவர்கள் பெயரிலேயே. பைடெஸ்ட் வேண்டாம், பிப் வேண்டாம். பத்தி நாலு: மூல முறை, உள்ளீடு, எதிர்பார்க்கும் வெளியீடு, குறிப்பு. ஐந்தாவது பத்தி கேட்டு வருகிற பேட்சை நான் மூடிவிடுவேன், ஓசூர் அண்ணாவுக்கு அது சமாதானமாக இருக்கும் என்று நம்புகிறேன். நார்மலைஸ் பண்ணாமல் அப்படியே ஒப்பிடணும், வெளியீடு சேர்ந்த வடிவத்தில்தான் வரணும் என்பதையும் ரீட்மீயில் எழுதிவிடுகிறேன்.

'வெளஞ்சது' விஷயத்துக்கு விடை எனக்குத் தெரியவில்லை. சொற்பட்டியல் வைத்துத்தான் தீர்க்க முடியுமோ என்னமோ. மாங்கூழ் அக்கா, அந்த ஆசிரியரிடம் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல முடியுமா?

மாங்கூழ்

ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் போகிறேன், நானே வாங்கி வருகிறேன். அவருக்கு ஃபோட்டோ அனுப்புவதெல்லாம் ஆகாது.

ஓசூர் ஏழு மணி பஸ்

சம்மதம். அட்டவணை ஃபைல் பற்றி இரண்டு விஷயம், இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எதிர்பார்க்கும் வெளியீட்டை வெறும் தமிழ் எழுத்தாக மட்டும் போடாதீர்கள். காப்பி பேஸ்ட் பண்ணும்போதோ, சில எடிட்டர் சேமிக்கும்போதோ 'கொ'வைச் சேர்த்தோ பிரித்தோ வைத்துவிடும், மாற்றத்தைக் காட்டும் டிஃபில் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. யுனிகோட் ஃபைலில் இருப்பது மாதிரி கோட்பாயின்டை ஹெக்ஸ் எண்ணாகவே எழுதணும், தமிழாகப் படிப்பதற்குக் குறிப்புப் பத்தி இருக்கிறது. அந்த ஆசிரியர் மாதிரி ஆட்கள் தமிழில் அனுப்பினால் எண்ணாக மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும், அது பைத்தானில் இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

டிஸ்கி உள்ளீடும் ஹெக்ஸாகவே இருக்கட்டும், அது 8 பிட், யுடிஎஃப்-8 ஃபைலுக்குள் நேராக வைக்க முடியாது. முழு ஃபைலாக இருக்கும் பழைய டிஸ்கி மாதிரிகளை கிட் ஆட்ரிபியூட்ஸில் பைனரி என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் செக்கவுட் செய்கிறவருக்கு வரி முடிவை மாற்றி வைத்துவிடும், அவர் வந்து டெஸ்ட் எல்லாம் விழுகிறது என்று இங்கே ஒரு புதுத் திரி ஆரம்பிப்பார்.